‘பம்ப் போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்

பழைய டிராக்டர் வேலைக்கு நடுவில் நின்றுபோகும்போது காதில் விழும் தீர்ப்புகளில் என்னை மிகவும் உறுத்துவது ‘பம்ப் போய்விட்டது’ என்பதுதான். பெரியப்பாவின் டிராக்டருக்கு அந்தத் தீர்ப்பு வந்து சில மாதங்கள் ஆகின்றன. டிராக்டர் இப்போது நன்றாக ஓடுகிறது, டீசல் பம்பை யாரும் தொடவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு என் மனதைவிட்டுப் போகவில்லை. சொன்னவர் வேலை தெரியாதவர் அல்ல. நான் பார்த்திராத எஞ்சின்களையெல்லாம் பிரித்துச் சேர்த்த மெக்கானிக். ‘கொஞ்ச நேரம் நன்றாக ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது’ என்று பெரியப்பா சொல்லி முடிப்பதற்குள், பம்பைக் கழற்றி அனுப்பிவிடலாம் என்றார். எப்போது நின்றது என்று அவர் கேட்கவில்லை. எப்படி நின்றது என்றும் கேட்கவில்லை. அவ்வளவு கைத்திறன் உள்ளவருக்கு அந்த இரண்டு கேள்விகள் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

பம்பின் மீது எல்லோருக்கும் சந்தேகம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. எஞ்சினில் அதைவிட நுட்பமான பாகம் கிடையாது. ராபர்ட் பாஷின் நிறுவனம் 1927இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய வரிசைப் பம்ப்தான், சிறிய, வேகமாகச் சுழலும் டீசல் எஞ்சின்கள் உலகெங்கும் பரவ வழி திறந்தது. அதற்குள் இருக்கும், டீசலை அழுத்தும் தண்டான பிளஞ்சருக்கும் அதன் உருளைக்கும் நடுவே உள்ள இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். மனிதத் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான். ஓரிரு சொட்டுக்கு மேற்படாத டீசலை, சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசில் திறக்கும் அளவுக்கு, அதாவது பழைய எஞ்சின்களில் ஏறத்தாழ 175 முதல் 200 ‘பார்’ அழுத்தம் வரை அழுத்தி, குறித்த நொடியில் குறித்த சிலிண்டருக்கு அனுப்புவது அதன் வேலை. அதை வயலில் வைத்துத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது. சோதனை மேடையில் ஏற்றினால்தான் அதன் உடல்நிலை தெரியும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் பழியைப் போடுவது எளிது. பார்க்க முடிந்த இடங்களையெல்லாம் பார்த்துத் தீர்ப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

டீசல் அந்தப் பம்பை அடைவதற்கு முன் எத்தனை இடங்களைக் கடந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். டேங்க் மூடியில் காற்று உள்ளே வர ஒரு சிறு துளை. டேங்கின் அடியில் வாய். அதன்கீழ் டீசலைத் திறந்து மூடும் திறப்பு. படிவுக் கிண்ணம், டேங்கிலிருந்து டீசலை இழுத்து முன்னே தள்ளும் சிறு ஃபீட் பம்ப், ஒன்றோ இரண்டோ ஃபில்டர்கள், இவற்றை இணைக்கும் குழாய்கள், ஒவ்வொரு இணைப்பிலும் செம்பு வாஷர்கள். இவற்றில் எது பழுதானாலும் எஞ்சினுக்குத் தெரிவது ஒன்றுதான்: டீசல் வரவில்லை. மூடித் துளையில் சேறு அடைத்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் இறங்க மறுக்கும். மூடியைத் திருகித் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் நோய் அங்கேயே பிடிபட்டுவிட்டது. ஃபில்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். அது டீசலைவிடக் கனமானது என்பதால் அடியில் தங்கியிருக்கும், அடித்திருகைத் தளர்த்தினால் வெளியே வந்துவிடும். இவையெல்லாம் ஒரு ஸ்பேனரும் சுத்தமான துணியும் இருந்தால் பார்த்துவிடக்கூடியவை.

எப்படி நின்றது?

டீசல் எஞ்சின் நிற்கும் விதத்திலேயே பாதிச் செய்தி இருக்கிறது. சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றால், மின்சாரம் வரும்வரை டீசலைத் திறந்துவைத்து, அது நின்றதும் அடைக்கும் சோலினாய்டு உள்ள வண்டிகளில் முதலில் அதற்குப் போகும் வயரைப் பார்க்க வேண்டும். தளர்ந்த இணைப்பு ஒன்று குலுக்கலில் விட்டுப்போயிருக்கும். இழுவை குறைந்து, வேகம் ஏறி இறங்கி, ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் பதில் சொல்லாமல், மெல்ல மெல்ல ஓய்ந்தால் அது டீசல் பற்றாக்குறை. கரும்புகை கக்கிக்கொண்டு திணறினால் காற்றுக்கு வழியில்லை, ஏர் கிளீனரைப் பாருங்கள். நின்றபின் எவ்வளவு நேரம் கழித்து மறுபடி எடுக்கிறது என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. நின்ற கோபத்தில் எல்லோரும் எஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெரியப்பாவின் டிராக்டர் மெல்ல ஓய்ந்துதான் நின்றது. அதுவும் உழும்போது மட்டும். களத்தில் நிறுத்திச் சும்மா ஓடவிட்டால் எவ்வளவு நேரமானாலும் சலிக்காமல் ஓடியது. ‘இப்போது ஓடுகிறதே, வயலுக்குப் போனால் மட்டும் ஏன் மக்கர் செய்கிறது?’ என்று பெரியப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். அது புலம்பலாகத்தான் வந்தது, ஆனால் சரியான கேள்வி அதுதான். சும்மா ஓடும்போது மணிக்கு ஓரிரு லிட்டர் குடிக்கும் எஞ்சின், கலப்பையை இழுக்கும்போது அதைப்போல் பல மடங்கு குடிக்கும். கொஞ்சமாகக் கேட்கும்போது கிடைப்பது, அதிகமாகக் கேட்கும்போது கிடைக்கவில்லை.

மெக்கானிக்கின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேய்ந்த பம்ப், குறிப்பாகச் சுழல் வகைப் பம்ப், சூடானபின்தான் கைவிடும். சூட்டில் டீசல் நீர்த்துப்போகும், தேய்ந்த இடைவெளி வழியாக அழுத்தம் கசியும், நின்ற எஞ்சின் மறுபடி எடுக்காது. ஆறியபின் ஒன்றுமே நடக்காததுபோல் எடுத்துவிடும். பெரியப்பாவின் டிராக்டரும் சூடானபின்தான் நின்றது, கொஞ்சம் பொறுத்தால் எடுத்தது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இதைப் பிரித்தறிய பழைய ஆட்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நின்ற உடனே குளிர்ந்த நீரில் நனைத்த சாக்கையோ துணியையோ பம்பின் மேல் போட்டு, அது ஆறியதும் எஞ்சினைச் சுழற்றிப் பார்ப்பார்கள். எஞ்சின் முழுதும் சூடாகவே இருக்க, பம்ப் மட்டும் ஆறி, உடனே எடுத்துவிட்டால் பம்பின் மேல் குற்றம் ஏறத்தாழ உறுதி.

நாங்கள் ஈரத்துணி போட்டோம். போடாமலும் பார்த்தோம். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. துணி போடாதபோதும் ஓரிரு நிமிடங்களில் எடுத்தது. அங்கேதான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அவ்வளவு பெரிய இரும்புக்கட்டி ஓரிரு நிமிடங்களில் ஆறாது. பம்பின் மேல் கை வைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. ஆனாலும் எஞ்சின் எடுத்தது. அப்படியானால் அந்த ஓரிரு நிமிடங்களுக்குள் மாறியது சூடு இல்லை, வேறு ஏதோ ஒன்று.

கண்ணாடிபோல் ஒரு குழாய்

சந்தேகம் இரண்டு வகையில் இருந்தது. ஏதோ ஓர் இணைப்பில் காற்று உள்ளே நுழையலாம், அல்லது ஏதோ ஓர் இடத்தில் அடைப்பு இருக்கலாம். காற்று நுழைவது ஏமாற்றுகிற நோய். ஃபீட் பம்பிலிருந்து டேங்க் வரை உள்ள பகுதியில், எஞ்சின் இழுக்கும்போது உறிஞ்சல்தான் இருக்கும். ஓர் இணைப்பு மயிரிழை தளர்ந்திருந்தால் அது காற்றை உள்ளே வாங்குமே தவிர, ஓடும்போது வெளியே ஒரு சொட்டும் கசிய வேண்டியதில்லை. ‘எங்கும் ஒழுகவில்லை, ஆகவே குழாயெல்லாம் நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதற்றமாக இருக்கும். டீசல் ஒழுகாத இடத்திலும் காற்று புகும்.

இரண்டில் எது என்று தெரிய ஒரே வழி கண்ணால் பார்ப்பது. திறப்புக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே இருந்த ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, டீசலைத் தாங்கும் ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைப் பொருத்தினோம். ஓடுகிற டிராக்டரின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு பார்ப்பது உயிரோடு விளையாடுவது. அதனால் டிராக்டரை ஓரிடத்தில் நிறுத்தி, எஞ்சினின் சக்தியை வெளிக்கருவிகளுக்குக் கொடுக்கும் பின்தண்டான பி.டி.ஓ.வில் தண்ணீர் இறைக்கும் பம்பைப் பூட்டிப் பாரம் கொடுத்தோம். குழாய் முழுதும் வெளிர்மஞ்சளாக டீசல் நிரம்பியிருந்தது. குமிழி ஒன்றும் இல்லை. பெரியப்பா ஆக்சிலரேட்டர் கம்பியை இறக்கினார், எஞ்சின் பாரம் ஏற்று முழங்கியது. நான் குழாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எஞ்சினின் குரல் மாறுவதற்குச் சற்று முன்பே குழாய் மாறியது. நடுவில் உருண்டையாக இருந்த இடம் மெல்லத் தட்டையானது. இரு பக்கச் சுவர்களும் ஒன்றையொன்று நெருங்கின. பிறகுதான் எஞ்சின் தடுமாறியது, வேகம் ஏறி இறங்கியது, நின்றது. குழாய் ஒடுங்கியபடியே இருந்தது. அதற்குள் டீசல் அசையவில்லை. பிறகு, யாரும் தொடாமலேயே, கொஞ்சம் கொஞ்சமாக உப்பிப் பழையபடி உருண்டையானது. பெரியப்பா சாவியைத் திருப்பினார், எஞ்சின் எடுத்துக்கொண்டது.

அதைவிடத் தெளிவான வாக்குமூலம் எந்த எஞ்சினும் கொடுக்க முடியாது. ஃபீட் பம்ப் நன்றாக உறிஞ்சுகிறது. குழாயை ஒடுக்கும் அளவுக்கு உறிஞ்சுகிறது. ஆகவே அதில் குறையில்லை, அதற்கு அப்பால் உள்ள எதிலும் இந்த நோய் இல்லை. குழாய்க்கு மேலே, டேங்க் பக்கத்தில், ஏதோ ஒன்று வழியை மறிக்கிறது. எஞ்சின் ஓடும்போது மறித்து, நின்றபின் தானாக விலகுகிறது. மூடியைத் திறந்துவைத்து இன்னொரு முறை ஓட்டினோம், அதே கதை. காற்றுத் துளையும் விடுதலை ஆனது.

ஃபீட் பம்ப் முனையில் குழாயைக் கழற்றிச் சுத்தமான வாளிக்குள் விட்டுத் திறப்பைத் திறந்தேன். டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் தானாகவே இறங்கும். முதலில் குழாய் நிறைய, சத்தத்தோடு கொட்டியது. கொஞ்ச நேரத்தில் மெலிந்தது, நூலானது, சொட்டானது. திறப்பை மூடிக் காத்திருந்து மறுபடி திறந்தால், மீண்டும் குழாய் நிறையக் கொட்டியது. பெரியப்பா குனிந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ‘உள்ளே ஏதோ மிதக்கிறது, தம்பி’ என்றார்.

டேங்கைக் காலி செய்து, வாயைக் கழற்றி, விளக்கை அடித்துப் பார்த்தபோது கிடைத்தது மெல்லிய பிளாஸ்டிக் தகடு. எண்ணெய் கேனின் மூடிக்குள் ஒட்டியிருக்குமே, உரித்து எடுக்க வேண்டிய வட்டமான அடைப்பு, அதன் பெரும்பகுதி. ஓரம் கிழிந்து, டீசலில் ஊறிப் பழுப்பேறியிருந்தது. அதன் நடுவில் டேங்க் வாயின் விட்டத்துக்குச் சரியாக ஒரு வளையம் பதிந்திருந்தது. எத்தனை முறை அந்த வாயில் உறிஞ்சி ஒட்டப்பட்டு, விடுபட்டு, மிதந்து, மறுபடி ஒட்டியிருந்தால் அப்படித் தடம் விழும்! வாய்க்கு மேல் நிற்க வேண்டிய சிறு கம்பிவலை எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. அது இருந்திருந்தால் இந்தத் தகடு வாயை நெருங்கியே இருக்காது. டேங்கைக் கழுவி, புதிய வலை பொருத்தி, டீசல் ஊற்றும் வாயிலும் ஒரு வடிகட்டி வைத்தோம்.

பம்பைக் கழற்றி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். நல்ல பம்ப் சோதனை மேடை ஏறி, சீல்கள் மாற்றப்பட்டு, திரும்பி வந்து, டைமிங் (டீசல் பாய வேண்டிய நேரம்) வைத்துப் பூட்டப்பட்டிருக்கும். வயலில் இறங்கியதும் எஞ்சின் பழையபடியே நின்றிருக்கும். அடுத்து நாசில்கள். அதற்கடுத்து, ‘வயதாகிவிட்டது, இனி இது சரிப்படாது’ என்ற கடைசித் தீர்ப்பு. இன்னும் பல்லாண்டு உழைக்கக்கூடிய எஞ்சின்கள் இப்படித்தான் மரத்தடியில் துருப்பிடிக்கப் போகின்றன. அவற்றைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. இந்தப் பழைய எஞ்சின்களின் ஒவ்வொரு குழாயும் கண்ணுக்குத் தெரிகிறது, ஒவ்வொரு திருகும் கைக்கு எட்டுகிறது. தன் நோயைத் தானே சொல்லக்கூடிய இயந்திரத்தை, கேட்க ஆளில்லாமல் சாகவிடுகிறோம்.

எடுக்கவே மறுக்கும்போது

ஓடி நிற்பது ஒரு வகை என்றால், காலையில் எடுக்கவே மறுப்பது இன்னொரு வகை. அங்கே ‘பேட்டரி செத்துவிட்டது’ என்பது உடனடித் தீர்ப்பு. பேட்டரி மாற்றப்பட்டு, சில வாரங்களில் அதே இழுபறி மீண்டும் வரும். டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது. காற்றை 16, 17 மடங்காகச் சுருக்கும்போது எழும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. நன்றாகச் சுழலும்போது அந்தச் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டீசல் தானாகப் பற்ற 200 டிகிரிக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். ஆனால் செல்ஃப் மோட்டார் மெல்ல முனகிச் சுற்றினால், காற்று பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியவும் சூடு குளிர்ந்த சுவர்களில் இறங்கவும் நேரம் கிடைத்துவிடும். அதனால்தான் சுற்றுகிறது, ஆனால் எடுக்கவில்லை. அப்போது முதலில் பார்க்க வேண்டியது எர்த் வயரை. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் சுழற்றச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் துருவிலும் பெயிண்ட்டிலும் வீணாகிறது. கழற்றி, பளபளவென்று தேய்த்து, இறுக்கிப் பூட்டினால் பழைய பேட்டரியே போதுமானதாக இருந்துவிடலாம்.

வேகமாகச் சுற்றியும் எடுக்கவில்லையென்றால் சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெண்புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை. முதலாவதற்கு, குழாய்களில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஃபில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைநெம்பை அடித்தால் முதலில் நுரை வரும், பிறகு துப்பித் துப்பி வரும், பிறகு குமிழியில்லாமல் வழியும். வழியும்போதே திருகை இறுக்க வேண்டும். அடுத்து பம்பின் திருகு, கடைசியாக நாசில் நட்டுகள். செல்ஃபைத் தொடர்ந்து பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், நடுவே ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். எளிதில் தீப்பற்றும் ஈதரைத் தெளித்து எழுப்பும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. அது நேரம் தவறி வெடித்து ரிங்குகளை உடைக்கும், ஹீட்டர் வைத்த எஞ்சின்களில் காற்று நுழையும் வழியிலேயே தீப்பிடிக்கும்.

இரண்டு விஷயங்களைக் கெஞ்சியே கேட்கிறேன். பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் அழுத்தக் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்திய அளவுதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை, சில சமயம் கையையே எடுக்க வேண்டி வரும். இரண்டாவது, தரையில் நின்றபடி செல்ஃப் மோட்டாரின் முனைகளை ஸ்க்ரூடிரைவரால் இணைத்து எடுக்கும் வழக்கம். கியரில் இருந்தால் டிராக்டர் அப்படியே பாயும். செய்பவர் நிற்பது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். இப்படி உலகெங்கும் உயிர்கள் போயிருக்கின்றன. சாவி வேலை செய்யவில்லையென்றால் சுவிட்சைச் சரிசெய்துவிட்டு இருக்கையில் உட்கார்ந்து எடுங்கள்.

பம்ப் ஒருபோதும் பழுதாகாது என்று நான் வாதிடவில்லை. ஃபீட் பம்பிலிருந்து குமிழியில்லாத டீசல் தாராளமாக வந்து, ஃபில்டர் புதிதாக இருந்து, காற்று முழுதும் எடுக்கப்பட்டு, எஞ்சின் வேகமாகச் சுற்றியும் நாசில் நட்டுகளைத் தளர்த்தினால் டீசல் துடித்து வராமல் வெறுமனே கசிந்தால், அல்லது ஈரத்துணி போட்டால் மட்டும் எடுத்தால், அப்போது பம்பைக் கழற்றலாம். கழற்றுவதற்கு முன் சுற்றியுள்ள அழுக்கையெல்லாம் கழுவிவிடுங்கள். பம்பும் எஞ்சினும் சேரும் இடத்தில் டைமிங் குறி தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உளியால் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். குழாய்களைக் கழற்றிய மறுகணமே எல்லா வாய்களையும் சுத்தமான மூடிகளால் அடைத்துவிடுங்கள். எப்போது நின்றது, எப்படி நின்றது, எவ்வளவு நேரம் கழித்து எடுத்தது என்று ஒரு தாளில் எழுதிப் பம்போடு சேர்த்தே அனுப்புங்கள்.